வேகஸ் நெர்வ் விஷயம் நிஜமா, உடான்ஸா?

மொட்டமாடி: ரீல்ஸ் தொறந்தாலே வேகஸ் நெர்வ் தான், அந்த நரம்ப தூண்டுனா படபடப்பு அடங்கும், அதுக்கு ஐஸ் தண்ணில மூஞ்சிய முக்கு, ஹம் பண்ணு, காதுல கரண்ட் கிளிப் மாட்டுனு ஆளாளுக்கு சொல்றாங்க, எனக்கு படபடப்பு ஜாஸ்தி, எத நம்புறது?

நைட்ஷிஃப்ட்நர்ஸ்: நரம்பு நிஜம் தாங்க. மூளைலேர்ந்து வர்ற 10வது நரம்பு, கழுத்து வழியா இதயம், நுரையீரல், குடல் வரைக்கும் போகுது. மணிக்கட்டுல நாடிய புடிச்சுகிட்டு மூச்சை மெதுவா நீளமா வெளிய விடுங்க, துடிப்பு ஸ்லோ ஆகுறது விரல்லயே தெரியும், அது இதோட வேலை தான். ஹார்ட் ப்ராப்ளம் இருக்கவங்க ஐஸ் தண்ணி பக்கமே போகாதீங்க.

பேட்டரிபாய்: எங்க சித்தப்பா பையனுக்கு வலிப்புக்காக இந்த நரம்புக்கு கரண்ட் குடுக்குற கருவிய ஆபரேஷன் பண்ணி வச்சிருக்காங்க ப்ரோ. இடது நெஞ்சுல தோலுக்கடியில குட்டி டப்பா, அதோட வயர் கழுத்து நரம்புல சுத்தியிருக்கும். அமெரிக்கால 1997லயே வலிப்புக்கு அப்ரூவ் ஆச்சு, 2005ல மருந்துக்கு அடங்காத டிப்ரஷனுக்கும். கரண்ட் போறப்போ பேசிட்டிருக்கும்போதே அவன் குரல் கரகரனு ஆயிடும். வலிப்பு கொறஞ்சிருக்கு, ஆனா முழுசா நிக்கல, மாத்திரையும் ஓடுது.

மொட்டமாடி: அப்போ அந்த கிளிப் வாங்கலாமா?

நைட்ஷிஃப்ட்நர்ஸ்: ஆபரேஷன் பண்ணி வைக்கிறதுக்கு கெடச்ச ரிசல்ட்ட காட்டி கிளிப் விக்கிறாங்க, அது வேற இது வேற. மொதல்ல ஈசிஜியும் தைராய்டு டெஸ்ட்டும் எடுங்க, காபிய கொறைங்க. மூச்சுப் பயிற்சிக்கு காசு கெடையாது, அத தாராளமா பண்ணுங்க.