மறு: ஆன்டகோமிர் – ‘கொல்லி’ வேண்டாம், ‘தளை’ என்போமா?

அன்புள்ள குழுவினருக்கு,

செல்லில் புரதங்கள் உருவாவதைக் கட்டுப்படுத்தும் சிற்றிழைகள் நுண் ஆர்என்ஏக்கள் (மைக்ரோ ஆர்என்ஏ). அவற்றைச் செயலிழக்க வைக்கும் செயற்கை மூலக்கூறான ஆன்டகோமிருக்கு, நம் கலைச்சொல் பட்டியலில் ‘நுண் ஆர்என்ஏ கொல்லி’ என்று ஐயா முன்மொழிந்திருந்தார். சுருக்கமான சொல்தான், ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. பூச்சிக்கொல்லி, கிருமிக்கொல்லி என்று கேட்டுப் பழகியவர்கள், இது புற்றுச் செல்லையே கொன்றுவிடும் மருந்து என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நோயாளியின் வீட்டாரும் படிக்கப்போகிற சொல் இது.

மார்பகப் புற்றுச் செல்லில் எம்ஐஆர்-10பி என்ற நுண் ஆர்என்ஏ மிகுந்துபோனால், ஹாக்ஸ்-டி10 புரதம் உருவாவது குறைகிறது. அந்தக் கடிவாளம் தளர்ந்ததும் ரோ-சி என்ற புரதம் பெருகி, செல் நகர்ந்து பக்கத்துத் திசுவுக்குள் நுழைகிறது. 2007இல் வெளியான ஆய்வு காட்டிய வழி இது. ஆன்டகோமிர், அந்த நுண் ஆர்என்ஏயின் கார (பேஸ் எனும் அடிப்படை அலகுகளின்) வரிசைக்கு இணையான எதிர்வரிசையாக வந்து ஒட்டிக்கொண்டு, அதைச் செயலிழக்க வைக்கிறது. 2010இல் சுண்டெலிகளில் இதைக் கொடுத்துப் பார்த்தபோது நுரையீரலுக்குப் பரவுவது வெகுவாகக் குறைந்தது. மார்பில் இருந்த முதற்கட்டியோ வளர்ந்துகொண்டேதான் இருந்தது. பரவலைத்தான் தடுத்தது, கட்டியை அழிக்கவில்லை. ‘கொல்லி’ இதை மறைத்துவிடும்.

அதனால் ‘நுண் ஆர்என்ஏத் தளை’ என்கிறேன். காலில் பூட்டுவதும் தளை. செய்யுளில் நின்ற சீரின் ஈற்றசையும் வரும் சீரின் முதலசையும் பொருந்துவதும் தளை. காரங்கள் இணை பார்த்துப் பிணைகிற இடத்தில் இரண்டு பொருளும் பொருந்துகின்றன. ‘தடுப்பான்’ (இன்ஹிபிட்டர்) என்ற சொல் நொதிகளைத் தடுப்பவற்றுக்கே இருக்கட்டும்.

> (குழுவில் ஒருவர் கேட்டது:) தளை சரி. குறைந்துபோன நுண் ஆர்என்ஏவைச் செயற்கையாகக் கூட்டித் தரும் ‘மிமிக்’ வகைக்கு என்ன சொல்வது? ‘போலி’ போதுமா?

போதாது. மருந்துக்குப் பக்கத்தில் ‘போலி’ வந்தாலே கலப்பட மருந்து என்றாகிவிடும். ‘நிகரி’ எனலாம். எம்ஐஆர்-200 குடும்பம் குறையும்போது செல்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடி தளர்கிறது. அந்தக் குறையை ஈடுகட்ட நினைப்பது நிகரி. அகராதிக்கான எடுத்துக்காட்டு வாக்கியமும் தருகிறேன்: “எம்ஆர்எக்ஸ்34 என்ற நுண் ஆர்என்ஏ நிகரியை மனிதர்களிடம் சோதித்தபோது கடுமையான நோயெதிர்ப்பு விளைவுகள் ஏற்பட்டதால், 2016இல் சோதனை நிறுத்தப்பட்டது.” அந்த மருந்து சோதனைக் கட்டத்தைத் தாண்டவில்லை என்பதும் அந்த வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது, அப்புறம் தனியாகக் குறிப்பு எழுத வேண்டாம்.

மறுப்பிருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் தளை, நிகரி இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிடலாம்.