நமக்குக் கேட்காத சத்தம், நாய்க்குக் கேட்டது: உங்கள் வீட்டில் நடந்ததுண்டா?

கடலைமிட்டாய்
எலி விரட்டி இருக்கிறதே, பிளக்கில் சொருகினால் நீல விளக்கு எரியுமே, அதுதான். தம்பி வாங்கி வந்து சமையலறையில் மாட்டினான். அன்று சாயங்காலம் எங்கள் மணி சமையலறை வாசலோடு நின்றுவிட்டான். நாட்டு நாய், ஆட்டெலும்பு என்றால் உயிரை விடுவான். எலும்பைத் தட்டில் போட்டுக் காட்டுகிறேன், முன்னங்காலை நிலைப்படியில் வைக்கிறான், எடுக்கிறான். காது இரண்டும் தலையோடு ஒட்டிக் கிடக்கின்றன, எச்சில் மட்டும் ஒழுகுகிறது. எங்களுக்கோ ஒரு சத்தமும் கேட்கவில்லை. அம்மா திருஷ்டி என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். தற்செயலாகத் தம்பி சுவிட்சை அணைத்தான், ஒரே பாய்ச்சல்! எலியா? அது பாட்டுக்கு வந்து போகிறது.

மேலத்தெரு
அப்பாவின் புல்லட் பஸ் ஸ்டாண்டு திருப்பத்தில் வரும்போதே ஜூலி கேட்டில் போய் நிற்பாள். தெருவில் வேறு புல்லட்டும் உண்டு, அதற்கெல்லாம் கண்ணைக்கூடத் திறக்க மாட்டாள். ஒருநாள் வண்டியை வொர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு அப்பா ஆட்டோவில் வந்துவிட்டார். ராத்திரி மெக்கானிக் பையன் வண்டியை ஓட்டி வருகிறான். அப்பா ஹாலில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். ஜூலி எழுந்து ஓடினாள், பாதியில் நின்றாள், அப்பாவைப் பார்த்தாள், கேட்டைப் பார்த்தாள், மறுபடி அப்பாவைப் பார்த்தாள். அந்த முழி இருக்கிறதே! டுப்டுப் சத்தம் நாய்க்கு அவ்வளவு தூரத்திலேயே கேட்டுவிடும் போல.

ராகிக்களி
டுப்டுப் இல்லை, மேலத்தெரு. ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு இத்தனை அதிர்வு என்ற கணக்கு, எண் ஏற ஏறச் சத்தம் கீச்சென்று ஆகும். மனிதக் காதுக்குச் சுமார் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை கேட்கும். நாய்க்கு ஏறத்தாழ 67-ல் தொடங்கி 45,000 வரை போகும். டுப்டுப் மாதிரி அடித்தொண்டைச் சத்தத்தில் நாம்தான் கெட்டி. நாய்க்காது ரொம்பக் கூர்மையாக இருப்பது 8,000 பக்கத்தில். செயின் உரசலோ பிரேக் கீச்சலோதான் ஜூலிக்கு அடையாளம் என்பது என் கணக்கு. கடலைமிட்டாய், உங்கள் கருவி கத்துவது 20,000-க்கு மேலே. எலிக்குக் கேட்பது மணிக்கும் கேட்கும்தானே.

எங்கள் வீட்டில் பழைய டியூப் டிவி. ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டுப் போட்டாலும் அடுத்த அறையில் நாய் தலையைத் தூக்கும். அந்த டிவிகள் 15,625 ஹெர்ட்ஸில் சன்னமாக ரீங்கரிக்கும். சின்ன வயதில் எனக்கும் கேட்டது. தாத்தா நம்பவே இல்லை.

சுண்டெலி
பெரிய நாய்க்கு அவ்வளவு கீச்சென்ற சத்தமெல்லாம் கேட்காது. நமக்குக் கேட்காத நாய் விசிலைச் செய்த ஆங்கிலேய விஞ்ஞானி கால்டனே எழுதியிருக்கிறார். கைத்தடி முனையில் விசிலைப் பொருத்திக்கொண்டு லண்டன் மிருகக்காட்சிசாலையில் ஊதிப் பார்த்த ஆள். நான் விசில் ஊதினால் எங்கள் பொமரேனியன் துள்ளும், பக்கத்து வீட்டு லாப்ரடார் படுத்தே கிடக்கும்.

ராகிக்களி
கால்டன் புத்தகம் 1883. நூறு வருஷம் கழித்து 1983-ல் ஹென்றி ஹெஃப்னர் என்ற ஆராய்ச்சியாளர் குட்டியூண்டு சிவாவாவிலிருந்து பிரம்மாண்டமான செயின்ட் பெர்னார்ட் வரை சோதித்துப் பார்த்தார். உடம்பின் அளவுக்கும் கேட்கும் எல்லைக்கும் சம்பந்தமில்லை. லாப்ரடாருக்குக் கேட்டிருக்கும், எழுந்திருக்கச் சோம்பல்.

சுண்டெலி
அந்த லாப்ரடாரை நீங்கள் பார்த்தீர்களா என்ன?

தோட்டத்துவீடு
சரி, சண்டைக்கு நடுவே என் கதை. எங்கள் டால்மேஷனுக்குப் பிறவியிலேயே ஒரு காது கேட்காது. கிணற்றடியில் நின்று கூப்பிட்டால் மாட்டுக்கொட்டகைக்கு ஓடுவான், அங்கே நின்று திருதிருவென்று விழிப்பான். சத்தம் வந்த திசை தெரிய இரண்டு காதும் வேண்டுமே.

அதனால் சொல்கிறேன், டால்மேஷன் குட்டி வாங்குகிறவர்கள் கைதட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த இனத்தில் பிறவிச் செவிடு அதிகம், தோல் நிறமிக் குறைவோடு சேர்ந்து வருவது. ஒரு காது கேட்டாலும் குட்டி திரும்பும். மற்ற குட்டிகள் திரும்புவதைப் பார்த்தும் திரும்பும். காதருகே கிளிக் சத்தம் கொடுத்து, மூளைக்குப் போகும் மின் சைகையைப் பதிவு செய்யும் பரிசோதனை ஒன்று உண்டு. ஒவ்வொரு காதையும் தனித்தனியாகச் சொல்வது அதுதான். இரண்டு காதும் கேட்காத நாயைத் தூக்கத்தில் பின்னாலிருந்து தொடாதீர்கள், பதறிக் கடித்துவிடும். தரையைக் காலால் தட்டுங்கள், அதிர்வில் விழித்துக்கொள்ளும். அப்புறம் தீபாவளி. காதுக்குள் பஞ்சைத் திணிக்க வேண்டாம். நாயின் காதுக்குழாய் கீழே இறங்கி உள்பக்கம் வளையும், பஞ்சு உள்ளே போய்விட்டால் டாக்டர்தான் எடுக்க வேண்டும். ஜன்னல்களைச் சாத்தி ஃபேனை வேகமாக வையுங்கள், கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தால் இழுக்காதீர்கள்.