என் நிரலை முதலில் வாசித்தவர்

கல்லூரி புராஜெக்ட் நாட்களில் மறக்க முடியாத சந்திப்பு எது என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அது நேரில் இன்றுவரை பார்க்காத ஒருவருடன் நடந்தது. அவரிடம் போய்ச் சேர்ந்த கதை கொஞ்சம் நீளம்.

2013 முதல் 2017 வரை செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் படித்தேன். அந்த நான்கு வருடத்தில் நான் எழுதிய நிரலை ஒருவர் உட்கார்ந்து வரி வரியாக வாசித்தது எட்டாவது செமஸ்டரில்தான். லேபில் அவுட்புட் வந்ததா என்று பார்ப்பார்கள். ரெக்கார்டு நோட்டில் கையால் எழுதிய நிரலுக்குக் கீழே கையெழுத்து விழும். ஒரு பேட்சுக்கு முப்பது பேர், இரண்டு மணி நேரம், ஒரே ஒரு ஆசிரியர். அவரால் வேறு என்ன செய்திருக்க முடியும்?

விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸ், எனக்கு அரசு தந்த மடிக்கணினியிலேயே வந்துவிட்டது. பிளஸ் டூவில் எல்காட் மூலமாகக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸ் ஒரு பக்கமும் பாஸ் லினக்ஸ் இன்னொரு பக்கமும் இருக்கும். சிடாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய லினக்ஸ் அது. ஊரில் பெரும்பாலானவர்கள் முதல் வேலையாக அதை அழித்துவிட்டு இடத்தைப் படங்களுக்கு ஒதுக்கிக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் இணையம் கிடையாது, அழித்தால் திரும்ப ஏற்றத் தெரியாது என்ற பயத்தில் நான் விட்டுவைத்தேன். ஒரு மழை நாளில் கருப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டளைக்கும் விளக்கப் பக்கம் அதற்குள்ளேயே இருந்தது. யாரிடமும் கேட்காமல் படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்பது அந்த வயதில் எனக்குப் பெரிய சுதந்திரமாகப் பட்டது.

கல்லூரியில் மூன்றாம் வருடம் ஒரு சீனியர் அண்ணன் என்னைச் சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். அப்போது மாதம் ஒருமுறை, சனிக்கிழமை, ஐஐடி வளாகத்தில் நடக்கும். கிண்டி வரை மின்சார ரயில், அங்கிருந்து பஸ். கட்டணம் இல்லை, சான்றிதழும் இல்லை. அதனாலேயே கல்லூரியில் 'ஆன் டியூட்டி' வருகைப்பதிவு தரமாட்டார்கள். அங்கே ஒருவர் சொன்னதை வைத்துத்தான் கட்டற்ற மென்பொருள் என்றால் என்னவென்று எனக்கு விளங்கியது. 'இலவசம் என்று மொழிபெயர்க்காதீர்கள். இயக்கிப் பார்க்கலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்கலாம், மாற்றலாம், அப்படியேயோ மாற்றியோ அடுத்தவருக்குத் தரலாம். இந்த நான்கும் இருந்தால்தான் கட்டற்றது' என்றார். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்ததிலிருந்து தொடங்கி, அரை மணி நேரம் எங்கள் இருவருக்காக மட்டும் பேசினார். தமிழிலேயே இதையெல்லாம் படிக்க 2012 முதல் வரும் கணியம் இதழையும் காட்டினார். ஆங்கிலத்தில் மூன்று முறை படித்தும் புரியாத சில விஷயங்கள் எனக்கு அதில்தான் புரிந்தன.

சரி, கடைசி வருடத்துக்கு வருகிறேன்.

புராஜெக்ட் காலம் வந்ததும் எல்லாக் கல்லூரி வாசலிலும் நடப்பது எங்களுக்கும் நடந்தது. ஐட்ரிபிள்இ ஆய்விதழ் தலைப்பு, நிரல், அறிக்கை, பிபிடி எல்லாம் சேர்த்து மூன்று பேருக்கு 12,000 ரூபாய் என்று ஒரு கடையில் சொன்னார்கள். எங்கள் குழுவில் ஒருவன் முன்பணம்கூடத் தயாராக வைத்திருந்தான். அவனைத் தப்பு சொல்லமாட்டேன், அவனுக்கு அப்போது மூன்று அரியர், பாஸ் பண்ணினால் போதும் என்ற நிலை. ஆனால் அந்தக் கடையில் காட்டிய நிரலில், விளக்கக் குறிப்பு வரிகளில் வேறொரு கல்லூரி மாணவர்களின் பதிவு எண்கள் அப்படியே இருந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. நான்கு வருடப் படிப்பின் கடைசிக் காகிதத்தில் வேறு யாருடைய வேலையோ இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. எங்கள் ஊர் கிளை நூலகத்துக்குப் புத்தகப் பட்டியல் மென்பொருள் செய்யலாம் என்று அன்று இரவே மற்ற இருவரிடமும் பேசினேன்.

கைடு கேட்ட முதல் கேள்வி நியாயமானது. 'கோஹா இருக்கும்போது நீங்கள் ஏன் புதிதாக எழுத வேண்டும்?' கோஹா 1999இல் நியூசிலாந்தில் ஒரு சிறிய நூலக அமைப்புக்காகத் தொடங்கிய கட்டற்ற மென்பொருள். இன்று உலகம் முழுக்க நூலகங்களில் ஓடுகிறது. அதை எங்கள் நூலகத்தின் பழைய கணினியில் ஏற்றிப் பார்த்தோம், மூச்சுத் திணறியது. அந்த நூலகத்துக்குத் தேவைப்பட்டதும் தமிழில் தேடினால் புத்தகம் எந்த அலமாரியில் என்று காட்டும் ஒரு சின்னப் பக்கம் மட்டும்தான். கைடு ஒப்புக்கொண்டார்.

பைத்தான் நிரல்மொழியில் எழுதி, இரண்டாவது ரிவியூவுக்கு முன்பு நூலகத்தில் கொண்டுபோய் வைத்தோம். ஒரு வாரம் கழித்து நூலகர் அம்மா கூப்பிட்டார்.

'தம்பி, கோயில்னு போட்டா ரெண்டு புத்தகம்தான் வருது. அலமாரியில ஒரு வரிசையே இருக்கே?'

மூன்று நாள் அதோடு போராடினேன். தரவுத்தளத்தைத் திறந்தால் 'கோயில்' என்ற சொல் வரிசையாக நிற்கிறது. கண்ணுக்குத் தெரிகிறது, தேடினால் கிடைக்கவில்லை. எழுத்துருவை மாற்றினேன், இடைவெளி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன், ஒன்றும் இல்லை. கடைசியில் கிடைத்த 'கோயில்' ஒன்றையும் கிடைக்காத 'கோயில்' ஒன்றையும் எடுத்து, இரண்டிலும் எத்தனை குறிகள் என்று கணினியை எண்ணச் சொன்னேன். ஒன்றுக்கு 6 வந்தது. இன்னொன்றுக்கு 7.

அந்த ராத்திரி ஹாஸ்டல் மாடியில் நான் தனியாகச் சிரித்தது இப்போதும் நினைவிருக்கிறது.

கணினியில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் குறி தரும் பொதுத் தரம் யூனிகோடு. அதில் 'கோ'வை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பின்னால் ஓகாரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம். அல்லது இரட்டைச் சுழியும் காலும் தனித்தனிக் குறிகளாக அடுத்தடுத்து நிற்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான், கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொல். நூலகத்தின் பழைய பட்டியலை யாரோ பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்திருந்தார்கள். அந்தக் காலத்து எழுத்துருக்களில் சுழி, க, கால் என்று மூன்றையும் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடிப்பார்கள். அதை யூனிகோடுக்கு மாற்றிய கருவி சுழியைத் தூக்கி ககரத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, காலை அப்படியே விட்டிருந்தது. நூலகர் அம்மா புதிதாகத் தமிழ்99 விசைப்பலகையில் சேர்த்த இரண்டு புத்தகங்களில் ஒற்றைக் குறி. தேடும் பெட்டியில் அவர் அடிப்பதும் ஒற்றைக் குறி. அதனால் அந்த இரண்டு மட்டும் வந்தன. கொ, கோ, கௌ மூன்று வரிசைக்கும் இதே நோய்.

இதற்கு மருந்து யூனிகோடு தரத்திலேயே இருக்கிறது. இரண்டு வடிவங்களையும் ஒன்றாக்கும் அதை இயல்பாக்கம் என்பார்கள், பைத்தானில் ஒரே வரி. போட்டதும் கோயில் வரிசை முழுக்க வந்து நின்றது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரிக்க நாங்கள் பயன்படுத்திய ஒரு சிறிய கட்டற்ற பைத்தான் தொகுப்பிலும் இதே சிக்கல் இருந்தது. இரட்டைக் குறி வந்தால் அது 'கே' என்று ஓர் எழுத்தும் அநாதையாக ஒரு காலும் தந்தது. அதைத் திருத்தி, என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கும் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினேன். வாழ்க்கையில் முதல் தடவை. அனுப்பிவிட்டு அரை மணிக்கு ஒருமுறை திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நான்காம் நாள் பதில் வந்தது. அந்தத் தொகுப்பைப் பராமரிப்பவர் வெளிநாட்டில் வேலை பார்க்கும் தமிழர் என்பதைத் தவிர அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

'கண்டுபிடித்ததற்கு நன்றி. ஆனால் இதில் 412 வரிகள் மாறியிருக்கின்றன. எது உங்கள் மாற்றம், எது உங்கள் எடிட்டர் செய்த மாற்றம் என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. உங்களுடையதை மட்டும் அனுப்புங்கள்.'

என் எடிட்டர் கோப்பு முழுவதும் டேப்களை ஸ்பேஸ்களாக மாற்றியிருந்தது. நான் மாற்றியது மூன்றே வரி. பிரித்து அனுப்பினேன். அடுத்த பதிலில் மூன்று கேள்விகள் இருந்தன. தேடும் சொல்லை மட்டும் இயல்பாக்கி, உரையை அப்படியே விட்டால் என்ன ஆகும்? இந்தத் திருத்தம் இல்லாவிட்டால் தோற்கும் ஒரு டெஸ்ட் (சோதனை நிரல்) எங்கே? மாற்றத்தை விளக்கும் கமிட் செய்தியில் 'பிழை சரிசெய்யப்பட்டது' என்று இருக்கிறதே, ஐந்து வருடம் கழித்து இந்த வரியைப் பார்ப்பவருக்கு அது என்ன சொல்லும்?

நான் எழுதிய மூன்று வரியை ஒருவர் இவ்வளவு தூரம் யோசித்து வாசித்திருக்கிறார். கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் மிகை இல்லை. வைவாவில் திணறினால் தலைகுனியத்தான் பழகியிருந்தேன். இங்கே கேள்வி கேட்டவர் என் பதிலுக்காகக் காத்திருந்தார். ஒரு இடத்தில் அவர் சொன்னது சரிவராது என்று உதாரணத்தோடு எழுதினேன். 'ஆமாம், நீங்கள் சொல்வதுதான் சரி' என்று மறுநாள் எழுதியிருந்தார். எங்கள் கல்லூரிச் சூழலில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஒரு வரியின் எடை தெரியும்.

19 நாள் கழித்து என் மாற்றம் சேர்க்கப்பட்டது. மூன்று வரி நிரல், பதினோரு வரி டெஸ்ட், பத்து வரி கமிட் செய்தி.

எக்ஸ்டர்னல் வைவா அன்று வெளியிலிருந்து வந்த பேராசிரியர் எல்லாக் குழுவையும் ஒரே கேள்விதான் கேட்டார். 'இதில் நீங்கள் எழுதியது எது?' நான் கிட் லாகைத் திறந்து காட்டினேன். எந்தத் தேதியில் யார் எந்த வரியை மாற்றினோம் என்பது அதில் இருந்தது. அரியர் வைத்திருந்த நண்பன் எழுதிய பார்கோடு பகுதியும் அவன் பெயரோடு இருந்தது. அவர் உருட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். 'மூன்று வரிக்கு எதற்கு இவ்வளவு நீள விளக்கம்?' 6, 7 கதையைச் சொன்னேன். மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, இரண்டு விதமாகவும் 'கோவில்பட்டி' என்று அடித்துப் பார்த்தார். அப்புறம் 'தமிழ்' என்று அடித்து எண்ணச் சொன்னார். என் மடிக்கணினியில் பைத்தான் 3 இருந்தது, 5 என்றது. பக்கத்தில் இருந்த லேப் கணினியில் பைத்தான் 2.7, அது 15 என்றது. நாங்கள் பயன்படுத்திய தொகுப்பு 3 என்றது. முதலாவது குறிகளின் எண்ணிக்கை, அடுத்தது பைட்டுகள், கடைசிதான் ஒரு குழந்தை விரல் விட்டு எண்ணும் எழுத்துகள். எங்களுக்கு ஒதுக்கிய பதினைந்து நிமிடம் முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

அந்தத் தொகுப்பில் இன்றும் அவ்வப்போது வேலை செய்கிறேன். வரும் புல் ரிக்வெஸ்ட்டுகளில் சிலவற்றை நானே வாசிக்கிறேன். போன மாதம் திருநெல்வேலிப் பக்கம் படிக்கும் இரண்டாம் வருட மாணவி ஒருவர், பல வருடமாகத் திறந்தே கிடக்கும் ஒரு சிக்கலை எடுத்திருந்தார். நிறையப் பேர் 'மௌனம்' என்பதற்கு எகரக் குறியும் ளகரமும் சேர்த்து 'மெளனம்' என்று அடித்துவிடுகிறார்கள். பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் இதை யூனிகோடு இயல்பாக்கம் தீர்க்காது. அதன் கணக்கில் ளகரம் தனி எழுத்து. கண்ணை மூடிக்கொண்டு எல்லா இடத்திலும் மாற்றவும் கூடாது. வெள்ளி, தெளிவு, கெளுத்தி எல்லாம் உடைந்துபோகும்.

அந்த மாணவியின் யோசனை அழகாக இருந்தது. ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ இருந்தால் அது உண்மையான ள, தொட வேண்டாம். வெறும் ளகரமாக நின்றால் மட்டும் ஔகாரமாக மாற்றலாம். வெள்ளி தப்பித்தது, தெளிவு தப்பித்தது, கெளுத்தி தப்பித்தது, மெளனமும் பெளர்ணமியும் திருந்தின. டெஸ்ட் எல்லாம் பச்சை. நான் உடனே சேர்த்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பழக்க தோஷத்தில், பேச்சுவழக்கு உரையாடல்கள் நிறைந்த சில சிறுகதைகளைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். 'வெளக்கு' என்று இருந்த இடமெல்லாம் 'வௌக்கு' ஆகியிருந்தது. 'வெளங்கலையா' என்று கேட்ட பாட்டி 'வௌங்கலையா' என்று கேட்டாள்.

இரவு பதினொன்றரைக்கு அதை எழுதி அனுப்பினேன். காலையில் எழுந்து பார்த்தபோது மாணவியின் பதில் வந்திருந்தது. 'அண்ணா, எங்க ஊர்ல தினமும் வெளக்குன்னுதான் சொல்றோம், எனக்கே தோணலை. சொல் பட்டியல் வச்சுப் பண்ணலாமா, இல்ல வெ-க்கு மட்டும் விலக்கு தரலாமா?' வெ-க்கு மட்டும் விலக்கு தந்தால் 'வெளவால்' திருந்தாமல் நின்றுவிடும். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.