"ரிவர்ட்"னா பதில் போடுறதா, பழையபடி மாத்துறதா? ஆபீஸ்ல மானம் போச்சு

பொள்ளாச்சிக்காரன்:
வணக்கமுங்க. நான் கோயம்புத்தூர்ல உக்காந்து கோட் எழுதறவன், டீம்ல பாதிப்பேர் இங்கிலாந்து. ரெண்டு வாரமா முக்கி முக்கி எழுதுனத வெள்ளிக்கிழமை டீம்ல எல்லாரோட கோடும் சேர்ற மெயின் பிராஞ்ச்ல சேத்திட்டு, அங்க இருக்கற ஒருத்தருக்கு "ப்ளீஸ் செக் அண்ட் ரிவர்ட் பை ஈவ்னிங்"னு மெயில் தட்டிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பாத்தா மனுசன் சொன்ன சொல் தட்டாம மொத்தத்தையும் ரிவர்ட் பண்ணி வெச்சிருக்காரு, கீழ "டன்"னு ஒரு ஸ்மைலி வேற. நம்ம ஊர்ல பேங்க் மேனேஜர்ல இருந்து எல்ஐசி ஏஜென்ட் வரைக்கும் "ஐ வில் ரிவர்ட்"னா பதில் சொல்றேன்னு தானுங்க அர்த்தம்? நான் எழுதுனது தப்பா? இந்த "ரீ" குடும்பத்துல வேற எங்கெல்லாம் குழி இருக்குன்னு சொன்னீங்கன்னா ஒரேயடியா தெரிஞ்சுக்குவேன்.

பழைய_சர்வர்:
முதல்ல பதறாத தம்பி, கோட் எங்கயும் போகல. கிட்ல (கோட்ல பண்ற மாத்தத்த எல்லாம் பதிஞ்சு வெக்கிற சாஃப்ட்வேர்) ரிவர்ட்னா எதையும் அழிக்காது, நீ போட்டதுக்கு நேர் எதிரா புதுசா ஒரு கமிட், அதாவது ஒரு மாத்தப் பதிவு, போடும், அவ்ளோதான். அதனால அந்த ரிவர்ட்டையே ரிவர்ட் பண்ணு, எல்லாம் வந்துரும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ, உன் பிராஞ்ச்ச மெயின்ல சேத்த பதிவை, அதான் மெர்ஜ் கமிட்ட, அவர் ரிவர்ட் பண்ணியிருந்தா உன் பிராஞ்ச்ச திரும்ப மெர்ஜ் பண்ணாலும் பழைய மாத்தம் வராது, ஏன்னா அதெல்லாம் ஏற்கனவே சேந்துருச்சுன்னு கிட் நினைச்சுட்டு இருக்கும். இது தெரியாம நான் ஒரு ராத்திரி பூரா முழிச்சிருக்கேன். அவர் ஹார்ட் ரீசெட் அடிச்சு ஃபோர்ஸ் புஷ் பண்ணி அந்தப் பதிவையே மெயின்ல இருந்து தூக்காம விட்டாரேன்னு சந்தோஷப்படு.

ஓய்வுபெற்ற வாத்தி:
தம்பி எழுதினது நம்ம ஊருக்குச் சரி, அவர் ஊருக்குத் தப்பு. ரிவர்ட்டோட லத்தீன் வேர் "திரும்பிப் போ"ங்கறதுதான். குத்தகை முடிஞ்சா நிலம் உரிமையாளருக்கே ரிவர்ட் ஆகும்னு சட்டத்துல எழுதுவாங்க பாருங்க, அதுதான் பழைய புழக்கம். பதில் போடறதுங்கற அர்த்தம் இந்தியா, சிங்கப்பூர், மலேசியா ஆபீஸ்கள்ல ஓடுது, அந்தப் பக்கம் போனா "ரிப்ளை"னே எழுதிடுங்க. அப்புறம் "ரிவர்ட் பேக்"னு எழுதறது நம்ம "நடு சென்டர்" கதைதான். ரீஇட்டரேட்டும் அப்படித்தான், "இட்டரேட்"னாலே திரும்பச் செய்யறது, அதுக்கு மேல ஒரு ரீ. ஆனா அது ஊறிப்போச்சு, அதை யாரும் தப்புன்னு சொல்றதில்ல.

ரிவைஸ் ஒரு பெரிய குழி. நாமளும் பிரிட்டிஷ்காரங்களும் பரீட்சைக்கு ரிவைஸ் பண்றோம், அமெரிக்காக்காரன்கிட்ட சொன்னா எதையோ திருத்தறோம்னு நினைப்பான், படிச்சத திரும்பப் படிக்கறதுக்கு அங்க ரிவ்யூ.

கேக்காததையும் சொல்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்சது ரிஹர்ஸ். உழுத நிலத்துல மண்ணாங்கட்டி உடைய இழுப்பாங்களே பல்லு வெச்ச சட்டம், அதுக்குப் பழைய பிரெஞ்சுல ஹெர்ஸ். அதை மறுபடி மறுபடி இழுக்கறதுதான் ரிஹர்சல். சர்ச்ல சவப்பெட்டி மேல மெழுகுவத்தி குத்தற கம்பிச் சட்டமும் அதே மாதிரி பல்லு பல்லா இருந்ததால அதுக்கும் அதே பேர், கடைசியில அமரர் ஊர்திக்கு ஹெர்ஸ்னு ஆயிடுச்சு. நாடக ஒத்திகையும் பாடை வண்டியும் சொந்தக்காரங்க!

லேப்_அக்கா:
எங்க வேலைல இது சிரிக்கிற விஷயமே இல்லப்பா. மலேரியா வந்து குணமான ஆளு திரும்ப வந்து "காய்ச்சல் திரும்பிடுச்சு சிஸ்டர்"னு நிப்பாரு, தமிழ்ல அந்த ஒரு வாக்கியம்தான், ஆனா இங்கிலீஷ்ல மூணு வார்த்தை, மூணும் வேற வேற கதை. வைவாக்ஸ்ங்கற வகை மலேரியா கிருமி கல்லீரல்ல தூங்கிட்டு இருந்து வாரமோ மாசமோ கழிச்சு எழுந்து வந்தா ரிலாப்ஸ். ரத்தத்துல இருந்ததே முழுசா சாகாம மிச்சம் இருந்து பெருகுனா ரிக்ருடசன்ஸ், பால்சிபாரம்ங்கற இன்னொரு வகைல பாக்குறது இதுதான். புதுசா வேற கொசு கடிச்சா ரீஇன்ஃபெக்‌ஷன். ரிலாப்ஸ் வரக்கூடாதுன்னு தான் வைவாக்ஸுக்கு பிரிமாகுயின் 14 நாள் குடுக்குறது, காய்ச்சல் விட்டதும் நாலாம் நாளே மாத்திரைய நிறுத்திட்டு அப்புறம் எங்கள திட்டுவாங்க.

யாழ்_தம்பி:
நீங்கள் எல்லாரும் சோதினைய விட்டுட்டீங்கள். ஒரு பேப்பர் பெயிலாகித் திரும்ப எழுதுறதுக்கு இங்கிலாந்தில ரீசிட், அமெரிக்காவில ரீடேக், கேரளாவில சப்ளி, உங்கட தமிழ்நாட்டில அரியர் எண்டு சொல்லுவீங்கள், வாடகை பாக்கி மாதிரி. எங்கட பக்கம் ஏஎல் (உங்கட பிளஸ் டூ மாதிரி சோதினை) ரெண்டாந்தரம் எடுத்தா செகண்ட் ஷை. நானும் செகண்ட் ஷையிலதான் கம்பஸ் போனனான். இன்னொண்டு, நீங்கள் தமிழில "மறு" போடுற கன இடத்தில நாங்கள் "மீள்" போடுவம், மீள்பரிசீலனை, மீள்குடியேற்றம் எண்டு.

பழைய_சர்வர்:
அரியருக்கு அந்தப் பேர் ரொம்ப பொருத்தம், எனக்கு எட்டு இருந்துச்சு, வட்டியோட கட்டுனேன்.

பொள்ளாச்சிக்காரன்:
எல்லாருக்கும் நன்றிங்க. பழைய சர்வர் அண்ணன் சொன்ன மாதிரியே ரிவர்ட்ட ரிவர்ட் பண்ணேன், மெர்ஜ் கமிட் தான், நல்லவேளை முன்னாடியே சொன்னீங்க. அந்த மனுசன்கிட்டயும் விசயத்த சொன்னேன், விழுந்து விழுந்து சிரிச்சாரு. இப்ப ஒரு சந்தேகமுங்க. இன்னிக்குக் காலைல புது கோட் ஒண்ணு அனுப்பியிருந்தேன், அதுக்கு அவரு "லுக்ஸ் ஃபைன், வில் ரிவர்ட் டுமாரோ"னு போட்டிருக்காரு. நம்ம இங்கிலீஷ் பேசறாரா அவரு இங்கிலீஷான்னு புரியல, போன் போட்டுட்டு இருக்கேன், எடுக்க மாட்டேங்கறாரு.