மறு: ஃப்ரூகல் இன்னொவேஷன் – தமிழில் என்ன?

> 'மலிவுப் புத்தாக்கம்' என்றே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் ஐயா. குறைந்த பொருளையும் செலவையும் வைத்து, தேவைக்குச் சரியாகப் பொருந்துவதைப் புதிதாக உருவாக்குவதுதான் ஃப்ரூகல் இன்னொவேஷன் (frugal innovation). மலிவு என்பது விலையைச் சொல்லும். செய்த விதத்தைச் சொல்லாது. மட்டச் சரக்கு என்ற வாடை வேறு.

'ஜெய்ப்பூர் கால்' என்ற செயற்கைக் காலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1968 வாக்கில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கியது. அதற்கு முன் வந்த வெளிநாட்டுப் பாதத்துக்கு ஷூ கட்டாயம். குந்த முடியாது, சம்மணம் போட முடியாது, வயலில் இறங்க வழியே இல்லை. இவர்கள் ரப்பரையும் மரத்தையும் வைத்து, வெறுங்காலாகவே சேற்றில் நடக்கும் பாதத்தைச் செய்தார்கள். விலை இறங்கியது, பயன் ஏறியது. இதைப் போய் மலிவு என்பதா?

சிக்கனம் நல்ல சொல்தான். ஆனால் மின்சாரம், தண்ணீர் என்று அறிவிப்புப் பலகைகளில் எழுதி எழுதி, 'குறைத்துப் புழங்கு' என்ற பொருளிலேயே உறைந்துவிட்டது. முன்மடலில் வந்த 'இவறல்' அறவே ஆகாது. 432-ஆம் குறளில் அது அரசனுக்குச் சொன்ன குற்றம்: கொடுக்க வேண்டிய இடத்தில் கொடாமை. பச்சையாகச் சொன்னால் கஞ்சத்தனம்.

என் ஓட்டு 'செட்டு'க்கு. "அவ செட்டா குடும்பம் நடத்துறவ" என்றால் வீட்டில் பட்டினி என்றா பொருள்? திடீரென்று விருந்தாளி வந்தாலும் இலை விழும். தாளிக்க எண்ணெய் மட்டும் கரண்டி வழிய ஊற்றமாட்டாள். வேண்டியது குறையாது, வேண்டாதது சேராது. பொறியாளர் தேடுவதும் அதைத்தானே?

செட்டு + ஆக்கம் = செட்டாக்கம். சொல்லை வாக்கியத்தில் போட்டுப் பார்க்காமல் முடிவு செய்யக்கூடாது என்பது என் கட்சி:

"கண்புரை அறுவையில் பொருத்தும் லென்ஸ் இறக்குமதியாகி எட்டா விலையில் விற்ற காலத்தில், 1992-இல் மதுரையில் தொடங்கிய அரோலேப் நிறுவனம் அதைச் செட்டாக்க முறையில் தயாரித்து, ஏழைகளுக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தது."

இடறவில்லை. செட்டாக்கப் பொறியியல், செட்டாக்க வடிவமைப்பு என்றும் நீட்டலாம். டிவி செட்டு, சினிமா செட்டு குழப்பம் வருமே என்பீர்கள். தனியே நின்றால் வரும். ஆக்கத்தோடு ஒட்டியபின் வராது.

ஒரே ஒரு எல்லை. உயிரியல் பற்றிய விவாத இழையில் 'பார்சிமோனி'க்கும் (parsimony) இதையே வைக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். கூடாது. அங்கே உயிரினங்களின் உறவைக் காட்டும் பரிணாம மரத்தை ஆகக் குறைந்த மாற்றங்களால் விளக்க முடிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். எண்ணிக்கையைக் குறைப்பதே வேலை. அதற்குச் சிக்கனமே போதும்.