பழைய ரீகர்வ் வேட்டை வில்: அடையாளம் காணவும் எய்யவும் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் பேர் ஆர்ச்சரி நிறுவனத்தின் பழைய ரீகர்வ் வில் (நுனிகள் முன்புறமாக வளைந்த வில்) ஒன்றை வாங்கினேன். வில்லின் கீழ்ப்புறக் கையில், அதாவது கைப்பிடிக்குக் கீழே வளையும் பகுதியில், "60 அங்குலம், 45 எக்ஸ்" என்று கையால் எழுதியிருக்கிறது. அருகில் அச்சிட்டிருந்த 1953ஐச் சுட்டிக்காட்டி, அதுவே வில் செய்யப்பட்ட ஆண்டு என்று விற்றவர் அடித்துச் சொன்னார். அது கனடாக் காப்புரிமையின் ஆண்டு மட்டுமே என்பது பணம் கொடுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கைப்பிடி மரத்தில் சமமாகப் பதித்துள்ள மஞ்சள் நிற உலோக வட்டையும் வரிசை எண்ணையும் கொண்டு உண்மையான ஆண்டைக் கணிக்க முடியுமா?

கண்ணாடியிழைப் பரப்பு முழுவதும் பஞ்சைத் தேய்த்துப் பார்த்தேன். எங்கும் சிக்கவில்லை, ஆகவே தெரியும் மெல்லிய கோடுகள் மேற்பூச்சோடு நிற்பவை என்றே நினைக்கிறேன். எனக்குக் கவலை தருவது மேற்கையின் முறுக்கம்தான்: நாணேற்றியதும் நாண் நுனிப் பள்ளத்தின் நடுவில் அமராமல் இடப்பக்கம் ஒதுங்குகிறது. வெந்நீரில் இளக்கி எதிர்ப்புறம் திருகி நேராக்கியவர்கள் இருந்தால், செய்த முறையைப் படிப்படியாக எழுதுங்கள்.

இத்தகைய பழைய நுனிகளை நீட்சியற்ற நவீன நாண் பிளந்துவிடும் என்பதால் சற்று நீளக்கூடிய டாக்ரான் (பாலியெஸ்டர் இழை) நாணே வாங்கவிருக்கிறேன். 28 அங்குல இழுப்புக்குக் குறித்த 45 பவுண்டு இழுவிசை, என் 26 அங்குல இழுப்பில் ஏறத்தாழ 40 ஆகக் குறையும். அதற்கேற்ற மர அம்பின் விறைப்பையும், நாணுக்கும் கைப்பிடிக்கும் இடையே விடவேண்டிய தூரத்தையும் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.