பத்தனைச் சரிவில் படிப்படியாகக் கோடுகள்: பழைய வயலா, தோட்டத்துக் கானா?

மானாப்புல்:
இலங்கை மலைநாட்டில் வலப்பனைப் பக்கம் ஒரு பத்தனை (புல்வெளி மலை), புல் மண்டிய கிழக்கு நோக்கிய சரிவு, சாய்வு ஏறக்குறைய 25 பாகை. நண்பகலில் எடுத்த ட்ரோன் படத்தில் மங்கலாகப் படிகள் தெரிகின்றன. கைவிட்ட வயலா, வெள்ளையர் கோப்பித் தோட்டக் காலத்துக் கானா (மழைநீர் வடிகால்), மாட்டுத்தடமா? கம்பளை இராச்சியக் காலத்தது, அதாவது 14ஆம் நூற்றாண்டு என்று சொல்லலாமா?

நிழல்மானி:
முதலில் வேறு நேரத்தில் எடுங்கள். உச்சி வெயிலில் வரம்புக்கு நிழலே விழாது. இங்கிலாந்தில் வாரம் பெர்சி (Wharram Percy) போன்ற கைவிட்ட நடுக்கால ஊர்களை அதிகாலையிலும் அந்தியிலும் படமெடுப்பார்கள். அது ஓரளவு சமநிலத்துக்குப் பொருந்தும். நம் மலையில் அப்படியே செய்தால் ஏமாற்றம்தான். கிழக்குச் சரிவில் காலை வெயில் நேராக அடிக்கும், படிகள் மறைந்துவிடும். வெயில் சரிவை உரசிக்கொண்டு வரவேண்டும். 25 பாகைச் சரிவுக்கு மேற்கே சூரியன் 40 பாகை உயரத்தில் நிற்கும் நேரம், பிற்பகல் மூன்றரை வாக்கில், சரி. நாலரை ஆனால் சரிவு முழுக்க இருட்டிவிடும். மேற்குச் சரிவென்றால் இதே கணக்கு காலையில்.

மட்டக்குழாய்:
நிழல் இடத்தைக் காட்டும். வயலா கானா என்பதை மட்டம்தான் சொல்லும். வயல் தண்ணீரைத் தேக்க வெட்டியது, பாத்தி நெடுகிலும் ஒரே மட்டம். கான் வடிக்க வெட்டியது, ஒருபக்கம் இறங்கும். 100க்கு 1 சாய்வு என்றாலே 50 மீட்டரில் அரை மீட்டர் வித்தியாசம். மாட்டுத்தடம் ஒடுக்கமாக, பிரிந்து கூடி வலைபோல் ஓடும். படிகளுக்கு மேலே எல, அதாவது வயலுக்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலின் தடம் இருந்தால் வயல் என்பதற்கு நல்ல வலு.

மட்டம் பார்க்க, ட்ரோன் படங்களை ஒட்டி நிலத்தின் முப்பரிமாண மாதிரி செய்யவேண்டும். அதற்குப் படங்கள் முன்பின் 80, பக்கவாட்டில் 70 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று விழவேண்டும். ட்ரோன் சரிவோடு சேர்ந்து ஏறட்டும். ஒரே உயரத்தில் பறந்தால் மேட்டுப்பக்கம் தரை நெருங்கி, படங்கள் ஒட்டாமல் ஓட்டை விழும். பலர் தவறுவது இன்னோரிடத்தில்: தரைக்குறிகள் (உயரம் அளந்து தரையில் வைக்கும், படத்தில் தெரியும் அடையாளங்கள்) வைக்காவிட்டால் அந்த முப்பரிமாண மாதிரி முழுசாகச் சாய்ந்துபோகலாம், கானும் வயல்போல் மட்டமாகத் தெரியலாம். ஐந்தாறு குறிகள் வைத்து, தண்ணீர் நிரப்பிய தெளிவான மட்டக்குழாயால் அவற்றின் மட்டம் பாருங்கள். ஆளுயரப் புல்லில் கிடைப்பது புல் நுனியின் உயரமே, ஆகவே புல் காய்ந்து படியும் ஜூலை, ஆகஸ்ட் நல்லது. தீ வைக்கவே கூடாது.

பழையவரைபடம்:
காலத்தைப் படத்தால் சொல்ல முடியாது. படிவயல் நூற்றாண்டுக் கணக்கில் ஒரே வடிவில்தான் இருக்கும். கோப்பித் தோட்டத்துக் கானோ ரோட்டோ படியை வெட்டிக்கொண்டு போனால், படி அதற்கு முந்தியது, அவ்வளவே. 1956 வான்படங்களையும் நில அளவைத் திணைக்களத்தில் கேட்டுப் பாருங்கள், பிற்காலத்துக் காட்டுநடுகைக்கு முந்திய நிலம் அதில் இருக்கும்.

ஓட்டாஞ்சில்லு கண்டால் எடுக்காமல் இடத்தைக் குறித்துத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அனுமதியில்லாமல் தோண்டுவது 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி குற்றம்.